அடிமைப் பெண்ணின் பேரன், போர்க் கதைகளின் மன்னன்!

1797-ம் ஆண்டு. ஆல்ப்ஸ் மலைப் பகுதியில் உள்ள டைரோல் என்ற இடம். பிரெஞ்சுப் படைக்கும் ஆஸ்திரியப் படைக்கும் கடும் சண்டை.

அங்கே ஆற்றின் மேல் ஒரு குறுகலான பாலம் இருந்தது. ஆஸ்திரியக் குதிரைப் படை அந்தப் பாலத்தின் வழியாகப் பாய்ந்து வந்தது. பாலத்தின் நடுவே ஒரே ஒரு பிரெஞ்சுத் தளபதி நின்றார். ஆறடிக்கு மேல் உயரம். கறுத்த மேனி. கையிலே வாள்.

வந்தவர்களை எல்லாம் அவர் வெட்டி வீழ்த்தினார். உடலில் காயம் பட்டது. ஆனாலும் நகரவில்லை. பின்னால் இருந்து உதவிப் படை வந்து சேரும் வரையில், தனி ஒருவராகவே பாலத்தைக் காத்து நின்றார்!

எதிரிகள் அவருக்குக் "கறுப்புப் பிசாசு" என்று பெயர் வைத்தார்கள்.

அந்தத் தளபதியின் பெயர் டூமாஸ். அவருடைய மகன்தான் உலகப் புகழ் பெற்ற கதாசிரியர் அலெக்சாண்டர் டூமாஸ். "மூன்று துப்பாக்கி வீரர்கள்", "மாண்டி கிறிஸ்டோ பிரபு" ஆகிய நாவல்களை எழுதியவர் அவரே.

வாள் வீச்சும், கோட்டை முற்றுகையும், குதிரைப் பாய்ச்சலும் நிறைந்த அந்தக் கதைகள் எங்கிருந்து பிறந்தன? ஏட்டிலிருந்து மட்டும் அல்ல, வீட்டிலிருந்தும் பிறந்தன.

விற்கப்பட்ட மகன்

தளபதி டூமாஸ் 1762-ம் ஆண்டில் பிறந்தார். பிறந்த இடம், அப்போது பிரான்சுக்குச் சொந்தமாக இருந்த ஒரு தீவுப் பகுதி. இன்று அதற்கு ஹைட்டி என்று பெயர்.

தந்தை, பிரான்சு நாட்டுப் பிரபு. தாய், மேரி செசெட் டூமாஸ் என்ற கறுப்பின அடிமைப் பெண்.

தந்தை நாடு திரும்ப விரும்பினார். கப்பல் செலவுக்குப் பணம் இல்லை. என்ன செய்தார் தெரியுமா? பெற்ற மகனையே அடிமையாக விற்று விட்டார்! பிறகு பணம் கொடுத்து மீட்டுக் கொள்ளலாம் என்று ஒரு நிபந்தனை மட்டும் போட்டிருந்தார். அதன்படி மகனை மீட்டு, 1776-ல் பிரான்சுக்கு வரவழைத்தார். அப்போது சிறுவனுக்கு வயது 14.

வாலிபனானதும் அவர் பட்டாளத்தில் சேரப் புறப்பட்டார். அதுவும் சாதாரணச் சிப்பாயாக! பிரபு குடும்பத்தின் பெயர், சிப்பாய்களின் பட்டியலில் ஏறுவதா? தந்தைக்கு அது பிடிக்கவில்லை. தன் குடும்பப் பெயரைப் பயன்படுத்தக் கூடாது என்று சொல்லி விட்டார்.

மகன் கவலைப்படவில்லை. தாயின் பெயரை எடுத்துக் கொண்டார். 1786-ம் ஆண்டில், டூமாஸ் என்ற பெயர் பட்டாளத்துக் கணக்கில் ஏறியது.

பிரெஞ்சுப் புரட்சி வந்தது. பிறப்பைப் பார்க்காமல், திறமையைப் பார்த்துப் பதவி கொடுத்தார்கள். சிப்பாயாகச் சேர்ந்த டூமாஸ், ஏழே ஆண்டில் பெரும் படைக்குத் தளபதி ஆனார். பனி மூடிய ஆல்ப்ஸ் மலைக் கணவாய் ஒன்றை எதிரிகளிடம் இருந்து கைப்பற்றினார்.

இருட்டுச் சிறை

1798-ல் நெப்போலியன் எகிப்து மீது படையெடுத்தார். குதிரைப் படைக்குத் தலைவராக டூமாஸ் உடன் சென்றார். அந்தப் போர் தேவைதானா என்று அவர் கேட்டார். நெப்போலியனுக்குக் கோபம் வந்து விட்டது. அதை அவர் கடைசி வரையில் மறக்கவில்லை.

டூமாஸ் ஊர் திரும்பப் புறப்பட்டார். கப்பலில் ஓட்டை விழுந்தது. இத்தாலியில் உள்ள நேப்பிள்ஸ் ராஜ்யத்தின் துறைமுகம் ஒன்றில் ஒதுங்கினார். அந்த ராஜ்யம் அப்போது பிரான்சுக்குப் பகை. தளபதியைப் பிடித்துச் சிறையில் அடைத்தார்கள்.

இரண்டு ஆண்டுகள் சிறைவாசம். தனக்கு உணவில் நஞ்சு வைத்தார்கள் என்று அவர் நம்பினார். 1801-ல் விடுதலையாகி வந்தபோது, அவர் பழைய டூமாஸ் அல்ல. பாலத்தைத் தனியே காத்த அந்த வீரர், நடை தளர்ந்து, பார்வையும் செவியும் மங்கி வீடு வந்து சேர்ந்தார்.

அரசாங்கம் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. சிறையில் கிடந்த காலத்துச் சம்பளமும் வரவில்லை. 1802-ம் ஆண்டில் பிரெஞ்சுக் குடியேற்றங்களில் அடிமை முறையை நெப்போலியன் மீண்டும் கொண்டு வந்தார். அதே ஆண்டு ஜூலை 24-ந் தேதி, வில்லெர் கோத்தரே என்ற சிற்றூரில் தளபதிக்கு மகன் பிறந்தான். அவன்தான் அலெக்சாண்டர்.

துப்பாக்கி எடுத்த சிறுவன்

1806-ல் தளபதி இறந்தார். அப்போது அலெக்சாண்டருக்கு மூன்றரை வயது.

அப்பாவைக் கடவுள் எடுத்துக் கொண்டார் என்று வீட்டில் சொன்னார்கள். கடவுள் எங்கே இருக்கிறார் என்று சிறுவன் கேட்டான். மேலே, வானத்தில் இருக்கிறார் என்று பதில் வந்தது. உடனே அவன் ஒரு துப்பாக்கியைத் தூக்கிக் கொண்டு மாடிப்படி ஏறத் தொடங்கினான். எங்கே போகிறாய் என்று தாய் கேட்டாள். அப்பாவைக் கொன்ற கடவுளைச் சுடப் போகிறேன் என்றானாம்! இதைப் பிற்காலத்தில் டூமாசே தன் வாழ்க்கை வரலாற்றில் எழுதி இருக்கிறார்.

விதவைத் தாய் உதவித் தொகை கேட்டு மனு மேல் மனு போட்டாள். ஒரு காசும் கிடைக்கவில்லை. வறுமையிலே மகனை வளர்த்தாள். அவன் காட்டில் வேட்டையாடித் திரிந்தான். படிப்பு அதிகம் ஏறவில்லை. ஆனால், கையெழுத்து மட்டும் முத்து முத்தாக இருந்தது.

1814-ல் நெப்போலியன் ஆட்சி கவிழ்ந்தது. பழைய ராஜ குடும்பம் திரும்பி வந்தது. பிரபுக்களுக்கு மீண்டும் நல்ல காலம். அப்போது தாய் மகனிடம் ஒரு கேள்வி கேட்டாள். பாட்டனாரின் பிரபு குடும்பப் பெயரை வைத்துக் கொள்கிறாயா? அல்லது அப்பாவின் பெயரே போதுமா?

பிரபு பெயரை வைத்துக் கொண்டால் பதவி வரும், பணம் வரும். மகனுக்கு அப்போது வயது 12 கூட நிரம்பவில்லை. அவன் தயங்காமல் டூமாஸ் என்ற பெயரைத் தேர்ந்தெடுத்தான். அடிமைப் பாட்டியின் பெயர் நிலைத்தது. தாய் ஒரு புகையிலைக் கடை நடத்தி வயிற்றைக் கழுவினாள்.

மறு ஆண்டு, 1815-ல், நெப்போலியன் மீண்டும் படை திரட்டி வாட்டர்லூ போருக்குப் போனார். வழியில் அந்த ஊரில் குதிரை மாற்றினார்கள். கூட்டத்தோடு நின்று, வண்டிக்குள் இருந்த சக்கரவர்த்தியைச் சிறுவன் பார்த்தான். சில நாட்களில் அதே வண்டி, அதே வழியாகத் திரும்பியது. போர் தோற்று விட்டது! தன் தந்தையைக் கைவிட்ட மனிதர் தலை கவிழ்ந்து போவதையும் அவன் பார்த்தான்.

புத்தகத்தில் படிப்பதற்கு முன்பே, சரித்திரம் அவன் கண் முன்னால் நடந்து போயிற்று.

கையெழுத்து தந்த வேலை

20 வயதில் டூமாஸ் பாரீசுக்குப் போனார். தந்தையின் பழைய நண்பர்களைத் தேடி அலைந்தார். பலர் முகம் கொடுக்கவில்லை. பாய் என்ற தளபதி மட்டும் இரக்கம் காட்டினார். என்னென்ன படித்திருக்கிறாய் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் இல்லை என்ற பதிலே வந்தது. டூமாசுக்கு வெட்கமாகி விட்டது.

சரி, விலாசத்தையாவது எழுதிக் கொடுத்து விட்டுப் போ என்றார் தளபதி. எழுதினார். அதைப் பார்த்ததும் தளபதி மகிழ்ந்து போனார். எவ்வளவு அழகான கையெழுத்து! ஆர்லியன்ஸ் கோமகனின் அலுவலகத்தில் நகல் எழுதும் குமாஸ்தா வேலை கிடைத்தது. சம்பளம் ஆண்டுக்கு 1,200 பிராங்கு.

பகலில் குமாஸ்தா வேலை, இரவில் படிப்பு. விட்டுப் போன கல்வியை எல்லாம் தானே தேடிப் படித்தார். நாடகம் எழுதினார்.

1829-ம் ஆண்டு பிப்ரவரி மாதம். அவருடைய சரித்திர நாடகம் அரங்கேற இருந்தது. சில நாட்களுக்கு முன் தாய்க்குப் பக்கவாதம் வந்து விட்டது. நாடகத்தின் இடைவேளையில் எல்லாம் டூமாஸ் ஓடிப் போய்த் தாயைப் பார்த்து விட்டு வந்தார். இங்கே கைதட்டல், அங்கே கண்ணீர். மறுநாள் காலையில் பாரீஸ் முழுவதும் அவர் பெயரைப் பேசியது.

அடுத்த ஆண்டு பாரீசில் புரட்சி வெடித்தது. புரட்சிக்காரர்களிடம் வெடி மருந்து குறைந்து விட்டது. டூமாஸ் துப்பாக்கியுடன் பக்கத்து நகரமான சுவாசோனுக்குப் போய், அங்கிருந்த ராணுவ அதிகாரியை மிரட்டி, வெடி மருந்தை வண்டியில் ஏற்றிக் கொண்டு வந்தார். அவர் அப்பாவின் பிள்ளை அல்லவா!

பத்திரிகையில் தொடர்கதை

1836-ல் பாரீசில் மலிவு விலைப் பத்திரிகைகள் தோன்றின. சந்தா மற்றப் பத்திரிகைகளில் பாதிதான். ஏழை எளியவர்களும் பத்திரிகை வாங்கத் தொடங்கினார்கள். வாசகர்களை இழுக்கத் தொடர்கதைகள் வெளிவந்தன.

இந்தத் தொடர்கதைக் கலையில் டூமாஸ் வல்லவர். ஒவ்வொரு பகுதியையும் ஆபத்தான இடத்திலே நிறுத்துவார். கதாநாயகன் தப்பினானா? கதவுக்குப் பின்னால் நிற்பது யார்? நாளை வாங்கிப் பார்த்தால்தான் தெரியும்!

1844-ம் ஆண்டு மார்ச் முதல் ஜூலை வரை, "மூன்று துப்பாக்கி வீரர்கள்" தொடராக வந்தது. தார்தாஞான் என்ற ஏழைக் கிராமத்து வாலிபன், ஒரு கிழட்டுக் குதிரையில் ஏறிப் பாரீசுக்கு வருகிறான். அத்தோஸ், போர்த்தோஸ், அராமிஸ் என்ற மூன்று வீரர்கள் அவனுக்கு நண்பர்கள் ஆகிறார்கள். பெயர் மூன்று வீரர்கள். கதையிலோ நான்கு வீரர்கள்!

கதை நடக்கும் காலம் போர்க் காலம். லா ரோஷெல் என்ற கடற்கரை நகரத்தைப் பிரெஞ்சு மன்னரின் படை 1627-ல் முற்றுகையிட்டது. இது உண்மை வரலாறு. இங்கிலாந்துக் கப்பல்கள் உதவிக்கு வராதபடி, மந்திரி ரிஷ்லியு கடலுக்குள்ளேயே சுமார் 1,400 மீட்டர் நீளத்துக்கு அணை போட்டார். ஓராண்டுக்கு மேல் முற்றுகை நடந்தது. சுமார் 27 ஆயிரம் பேர் இருந்த ஊரில், பசியிலும் நோயிலும் செத்தவர்கள் போக, சுமார் 5 ஆயிரம் பேரே மிஞ்சினார்கள்.

இந்தப் பயங்கரத்தின் நடுவே டூமாஸ் ஒரு காட்சி வைக்கிறார். நண்பர்கள் நால்வரும் ரகசியம் பேச வேண்டும். எங்கே போனாலும் ஒற்றர்கள். உடனே ஒரு பந்தயம் கட்டுகிறார்கள். எதிரியின் குண்டு பாயும் காவல் அரணில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து காலை உணவு சாப்பிடுவோம் என்கிறார்கள். போகிறார்கள், சாப்பிடுகிறார்கள், சுடுகிறார்கள், ரகசியமும் பேசி முடிக்கிறார்கள். செத்துக் கிடந்த சிப்பாய்களைச் சுவரில் சாய்த்து, கையில் துப்பாக்கியையும் கொடுத்து, எதிரிகளை ஏமாற்றுகிறார்கள். படிக்கும்போது சிரிப்பும் வரும்; நெஞ்சும் படபடக்கும்.

தார்தாஞான் என்று ஒரு வீரர் உண்மையிலேயே இருந்தார். 1673-ல் மாஸ்டிரிக்ட் நகர முற்றுகையில் அவர் இறந்தார். அவரைப் பற்றிய ஒரு பழைய புத்தகத்தை ஆதாரமாகக் கொண்டே டூமாஸ் கதையை வளர்த்தார். ஆனால் போர்த்தோசின் யானை பலமும், அத்தோசின் தன்மானமும் அந்தப் புத்தகத்தில் இருந்து மட்டும் வந்தவை அல்ல. தளபதி டூமாசின் சாயல் அவற்றில் இருக்கிறது என்று ஆராய்ச்சியாளர்கள் சொல்கிறார்கள். "மாண்டி கிறிஸ்டோ" கதையில், குற்றம் செய்யாத ஒரு மாலுமி 14 ஆண்டுகள் கடல் நடுவே உள்ள சிறையில் வாடுகிறான். அந்த இருட்டறைக்குள் இன்னொரு சிறையின் நினைவும் இருக்கிறது.

மொரீசியஸ் கதை

நிறத்தைச் சொல்லி டூமாசைப் பலர் ஏளனம் செய்தார்கள். பத்திரிகைகளில் அவரது சுருட்டை முடியையும், தடித்த உதட்டையும் கேலிப் படமாகப் போட்டார்கள்.

அதற்கு அவர் கதையிலே பதில் சொன்னார். 1843-ல் வெளிவந்த "ஜார்ஜ்" என்ற நாவல் மொரீசியஸ் தீவில் நடக்கிறது. 1810-ல் அந்தத் தீவுக்காக ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் போரிட்டார்கள். கதையில், கலப்பினத்தவர்களோடு சேர்ந்து போரிட வெள்ளை முதலாளி மறுக்கிறார். ஆனால் அந்தக் கலப்பினத்தவரே எதிரியின் கொடியைப் பறித்து வருகிறார். அவருடைய சின்ன மகன் நெற்றியில், முதலாளியின் மகன் வாளால் வெட்டுகிறான். அந்தத் தழும்போடு வளரும் சிறுவனின் கதைதான் அது. எழுதியவரின் நெஞ்சிலும் அப்படி ஒரு தழும்பு இருந்தது.

மறைந்து நின்றவர்

டூமாசின் வாழ்க்கையில் ஒரு குறையும் உண்டு.

அவர் ஒருவரே இவ்வளவும் எழுதவில்லை. ஒகுஸ்த் மாக்கே என்ற சரித்திர ஆசிரியர் அவருக்கு உதவினார். பழைய நூல்களைத் தேடுவது, கதைத் திட்டம் போடுவது, முதல் பிரதி எழுதுவது எல்லாம் மாக்கே. அதை விரித்து, உயிர் கொடுத்து, பேச்சும் வேகமும் சேர்த்து மறுபடி எழுதுவது டூமாஸ். மூன்று துப்பாக்கி வீரர்களும், மாண்டி கிறிஸ்டோவும் இப்படி உருவானவையே.

ஆனால் நாவலின் அட்டையில் டூமாஸ் பெயர் மட்டுமே இருந்தது. அந்த ஒரு பெயருக்குத்தான் பத்திரிகைகள் அதிகப் பணம் கொடுத்தன.

நட்பு முறிந்தது. மாக்கே வழக்குப் போட்டார். 1858-ல் தீர்ப்பு வந்தது. வருமானத்தில் கால் பங்கு மாக்கேக்கு உண்டு. ஆனால் அட்டையில் பெயர் கிடையாது என்று நீதிமன்றம் சொல்லி விட்டது.

மாக்கே தனியாக எழுதிய நாவல்கள் அந்த அளவுக்குப் புகழ் பெறவில்லை என்பது உண்மை. அதனால் அவர் உழைப்பு இல்லை என்று ஆகி விடுமா? தந்தையின் பெயர் மறைக்கப்பட்டதற்காக வாழ்நாள் எல்லாம் கொதித்தவர் டூமாஸ். அவரே இன்னொருவர் பெயர் மறைந்திருக்க இடம் கொடுத்து விட்டார்.

மாளிகையும் கடனும்

பணம் கொட்டியது. பாரீசுக்கு அருகே ஒரு மாளிகை கட்டி, அதற்கு மாண்டி கிறிஸ்டோ என்று பெயர் வைத்தார். 1847-ல் புதுமனை புகு விழா நடந்தது. நூற்றுக்கணக்கான விருந்தினர்! வந்தவர்களுக்கு எல்லாம் சாப்பாடு. கேட்டவர்களுக்கு எல்லாம் பணம். வரவை மிஞ்சிய செலவு. இரண்டே ஆண்டில் மாளிகை கை மாறியது. 1851-ல் கடன்காரர்களுக்குப் பயந்து பெல்ஜியத்துக்குப் போனார்.

அங்கே உட்கார்ந்து தன் வாழ்க்கை வரலாற்றைத் தொடர்ந்து எழுதினார். ஆனால் அதன் தொடக்கத்தில், பக்கம் பக்கமாக அவர் எழுதியது தன் கதையை அல்ல, தந்தையின் கதையை! பிரான்சு மறந்து விட்ட தளபதியை, மகனின் பேனா மீண்டும் நடமாட வைத்தது.

1860-ல் இத்தாலிய விடுதலை வீரர் கரிபால்டி, நேப்பிள்ஸ் அரசை எதிர்த்துப் போர் தொடங்கினார். அந்த ஆண்டில் டூமாசுக்கு 58 வயது நிறைந்தது. உல்லாசப் பயணத்துக்காக வைத்திருந்த பணத்தைப் போட்டு, ஆயிரத்துக்கும் மேற்பட்ட துப்பாக்கிகளை வாங்கிக் கரிபால்டிக்குக் கொடுத்தார்.

அந்த நேப்பிள்ஸ் எது? தளபதி டூமாசைச் சிறை வைத்த அதே ராஜ்யம்! அப்போதைய மன்னரின் கொள்ளுப் பேரன் அரியணையை விட்டு ஓடினார். தளபதியின் மகன் நேப்பிள்ஸ் நகருக்குள் நுழைந்தார். நான்கு ஆண்டுகள் அங்கேயே தங்கிப் பத்திரிகை நடத்தினார்.

கடைசி நாட்கள்

1870-ல் பிரான்சுக்கும் ஜெர்மானியருக்கும் போர் மூண்டது. டூமாசுக்குப் பக்கவாதம் வந்தது. கையில் பணம் இல்லை. தியேப் நகருக்கு அருகே, கடலோரத்தில் இருந்த மகன் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். அந்த மகனும் பெயர் பெற்ற எழுத்தாளரே. அவர் பெயரும் அலெக்சாண்டர் டூமாஸ்தான்.

டிசம்பர் 5-ந் தேதி டூமாஸ் காலமானார். வயது 68. அதே நாளில் ஜெர்மானியப் படை, அந்த மாகாணத்தின் பெரிய நகரமான ரூவானுக்குள் நுழைந்தது. பீரங்கி முழக்கத்தின் நடுவே, போர்க் கதை மன்னரின் மறைவு பலர் காதிலும் விழவில்லை. போர் ஓய்ந்த பிறகு, 1872-ல், அவருடைய உடலைச் சொந்த ஊருக்குக் கொண்டு போய்ப் பெற்றோரின் அருகே அடக்கம் செய்தார்கள்.

130 ஆண்டுகள் சென்றன. 2002-ம் ஆண்டு நவம்பர் 30-ந் தேதி, பாரீசில் உள்ள பாந்தியோன் மண்டபத்துக்கு அவரது உடல் கொண்டு வரப்பட்டது. பிரான்சின் மாபெரும் மனிதர்கள் உறங்கும் இடம் அது. சவப்பெட்டியின் மேல் நீல வெல்வெட் துணி. அருகே, துப்பாக்கி வீரர்களைப் போல உடை அணிந்த நான்கு பேர். விக்டர் ஹியூகோவும், எமிலி ஜோலாவும் துயிலும் அதே அறையில் டூமாசுக்கும் இடம் கிடைத்தது. நிறத்துக்காக அவர் பட்ட அவமானத்தை, நாட்டின் ஜனாதிபதி ஜாக் சிராக் அந்த விழாவிலே எடுத்துச் சொன்னார்.

தளபதிக்கும் ஒரு காலத்தில் பாரீசில் சிலை இருந்தது. இரண்டாவது உலகப் போரில், பாரீஸ் ஜெர்மானியர் வசம் இருந்தபோது அது அகற்றப்பட்டது. 2009-ல் அதே சதுக்கத்தில் ஒரு புதிய நினைவுச் சின்னம் எழுந்தது. அடிமைகளுக்குப் பூட்டும் இரண்டு பெரிய விலங்குகள்! அதில் ஒன்று உடைந்து திறந்து கிடக்கிறது.

பாரீசில் ஒரு சுரங்க ரெயில் நிலையத்துக்கும் அலெக்சாண்டர் டூமாஸ் என்றுதான் பெயர். தினமும் எத்தனையோ பேர் அந்தப் பெயரைப் படித்துக் கொண்டு வண்டியில் இருந்து இறங்குகிறார்கள். ஒரு தீவில், அடிமையாக வாழ்ந்த ஓர் ஏழைத் தாயின் பெயர் அது.